கடை உங்களுடையது, கூகுள் சாவி யாரிடம்?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 44. அவரும் கணவரும் ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு கிரைண்டர், மிக்ஸி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறார்கள். 19 ஆண்டுகளாக மெயின் ரோட்டில் இருந்த கடையை, வாடகை கட்டுப்படியாகாமல் சென்ற ஆண்டு குறுக்குத் தெரு ஒன்றுக்கு மாற்றினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் தேடி வந்தார்கள். புதியவர்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அந்த நேரத்தில் ஒரு விளம்பர ஏஜென்சியின் இளைஞர் கடைக்கே வந்து, “கூகுளில் உங்கள் கடையை முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். அங்கேயே தன் போனில் தேடியும் காட்டியிருக்கிறார். ஓராண்டுக்கு 28,000 ரூபாய் என்று பேசி, நகைக்கடன் வைத்துப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர் “பெஸ்ட் கிரைண்டர் மிக்ஸி வாஷிங்மெஷின் சர்வீஸ் கோயம்புத்தூர்” என்று மாறியது. ஒரே வாரத்தில் 60 ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் வந்தன. இரண்டு மாதத்தில் அவற்றில் 40 காணாமல் போயின. அழைப்புகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று சொல்லி, கடையின் எண்ணுக்குப் பதிலாக ஏஜென்சியின் எண்ணைப் போட்டார்கள். முகவரி இன்றுவரை பழைய மெயின் ரோட்டுக் கடைதான். ஆண்டு முடிந்ததும் அந்த இளைஞர் இன்னொரு 15,000 ரூபாய் கேட்கிறார்; கொடுக்காவிட்டால் கடையின் கூகுள் பக்கத்தையே அழித்துவிடுவதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். இதற்கிடையே உண்மையான வாடிக்கையாளர் ஒருவர், “காயில் கட்டிக் கொடுத்த மோட்டார் இரண்டே வாரத்தில் கருகிவிட்டது, போன் செய்தால் எடுப்பதில்லை” என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்.

வாசகியின் கேள்விகள் நான்கு. 15,000 ரூபாயைக் கொடுத்துவிடலாமா? கொடுத்த 28,000 திரும்பக் கிடைக்குமா? அந்த ஒற்றை நட்சத்திரக்காரர் மீது அவதூறு வழக்குப் போடலாமா? அக்கா மகன் சொல்வதுபோல வேறு பெயரில் புதிய பக்கம் ஒன்று தொடங்கிவிடலாமா? மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் செலவழிக்க வழியில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். மற்றவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நான் வழக்கறிஞன், கணினித் துறைக்காரன் அல்ல. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் வரும் சிறு கடைக்காரர்களில் பலர் வாடகைத் தகராறையும் கூகுள் தகராறையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அதனால் இந்த வரைபடத்தின் விதிகளைக் குத்தகைச் சட்டம்போலவே படித்து வைத்திருக்க வேண்டியதாயிற்று.

“எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால்தான் ஏமாந்தோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர்ப் பலகை எழுத வந்த பெயிண்டரிடம் ஷட்டர் சாவியைக் கொடுத்து அனுப்பியிருப்பீர்களா? மாட்டீர்கள். அதே வேலைதான் இங்கே நடந்திருக்கிறது. சாவி கண்ணுக்குத் தெரியாததால் கொடுத்தது தெரியவில்லை.

அந்த இளைஞர் போனில் காட்டிய வித்தையையும் புரிந்துகொள்ளுங்கள். அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது கூகுள் முக்கியமாக மூன்றைப் பார்ப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது: தேடிய சொல்லுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் இடையிலான தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. உங்கள் கடைக்குள் நின்று தேடினால் தூரம் மிகக் குறைவு. உங்கள் கடை முதலில் வராமல் வேறு எது வரும்? அதே தேடலைச் சிங்காநல்லூரில் ஒருவரும் வடவள்ளியில் ஒருவரும் செய்தால் இரண்டு வேறு பட்டியல்கள் வரும். ஊர் முழுமைக்கும் பொதுவான ‘முதல் இடம்’ என்று ஒன்று கிடையாது. இந்த இயல்பான வரிசையில் மேலே வர யாரும் பணம் கட்ட முடியாது என்றும் கூகுள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம். அது விளம்பரம் என்பதைக் காட்டும் முத்திரையோடு தனியாக வரும். ஆக, விற்கவே முடியாத ஒன்றை உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

சாவியை மீட்பது

கூகுளின் இந்த வணிகப் பக்கம் இலவசம். தொடங்கவும் கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை. “ஆண்டு முடிந்துவிட்டது” என்பது ஏஜென்சியின் கணக்கே ஒழிய கூகுளின் கணக்கல்ல. பக்கத்துக்கு ‘உரிமையாளர்’, ‘நிர்வாகி’ என்று இரு நிலைகள் உண்டு. வேலைக்கு வருபவரை நிர்வாகியாகச் சேர்த்தால் போதும்; உரிமை கடைக்காரரிடமே இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது தலைகீழாக நடந்திருக்கிறது.

முதலில் கடைக்கென்று ஒரு ஜிமெயில் முகவரி தொடங்குங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, கடன் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். பிறகு ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் சுருக்கமாக எழுதுங்கள்: பக்கத்தின் முதன்மை உரிமையை இந்த முகவரிக்கு மாற்றித் தர வேண்டும், கடையின் சொந்த எண்ணைத் திரும்பப் போட வேண்டும். கோபம் வேண்டாம். நாளைக்கு இதை ஒரு நீதிபதி படிக்கலாம் என்ற நினைப்போடு எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏஜென்சிகளுக்குக் கூகுள் வைத்திருக்கும் விதியும்கூட.

அவர் அசையாவிட்டால் கூகுளிடமே உரிமை கோரலாம். வரைபடத்தில் உங்கள் கடையைத் திறந்து உரிமை கோரிக்கை அனுப்பினால், இப்போது உரிமை வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் போகும். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் அவகாசம். அவர் பேசாமல் இருந்துவிட்டால், கடை உங்களுடையது என்று நிரூபித்து நீங்களே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரும். மறுத்தாலும் மேல்முறையீடு செய்யலாம். உரிமை கைக்கு வந்த முதல் 7 நாட்களுக்குப் பழைய ஆளை நீக்க முடியாது. பதறாதீர்கள், எட்டாம் நாள் நீக்கிவிடுங்கள்.

நிரூபிக்கச் சொல்லும்போது இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, கடையின் பெயர்ப் பலகையைக் காட்டி, உங்கள் கையால் ஷட்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் கல், மோட்டார், காயில் சுற்றும் மிஷின் வரைக்கும் போங்கள். யாருடைய முகமும் ஆதார் அட்டையும் அதில் வர வேண்டாம். புதிய முகவரியில் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் இணையத்தில் இலவசமாகப் பதியலாம், அதற்கும் இடைத்தரகரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு வேலை. இன்றைக்கே, நீங்கள் யாரென்று தெரியாத ஒரு போனிலிருந்து அந்த ஏஜென்சி எண்ணுக்கு அழைத்து, கிரைண்டர் ஓடவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். யார் எடுக்கிறார், யாரை அனுப்புவதாகச் சொல்கிறார் என்று தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையின் பெயரைப் பார்த்து அழைப்பவரை வேறு மெக்கானிக்குக்குக் கைமாற்றிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை, தெரிந்துகொள்வது நல்லது.

பெயரும் அந்த 60 மதிப்புரைகளும்

இது உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தரும். நீங்கள் அனுப்பியிருக்கும் பில்லில் “60 ரிவ்யூ” என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் கடைக்கு வராத 60 பேர் உங்களைப் பாராட்டப் போகிறார்கள் என்பது அன்றைக்கே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். “அவர்தான் செய்தார்” என்று சொல்லலாம். ஆனால் பலன் உங்கள் கடையின் பெயரில் இருக்கிறது. பொய் மதிப்புரை கூகுள் விதிக்கு மட்டும் எதிரானதல்ல. பொதுமக்களைத் தவறாக நம்பவைக்கும் வியாபாரம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வரையறைக்குள் வரக்கூடியது. இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தையே வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது கட்டாயமில்லை என்றாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது. எஞ்சியிருக்கும் 20இல் உங்களுக்கு முகம் தெரியாதவை எவை என்று பார்த்து, உரிமை கைக்கு வந்ததும் நீங்களே கூகுளிடம் புகார் செய்து நீக்கச் சொல்லுங்கள். நட்சத்திரம் குறையும். குறையட்டும்.

கடையின் பெயர், பெயர்ப் பலகையில் உள்ளபடியே இருக்க வேண்டும். ‘பெஸ்ட்’, ‘கோயம்புத்தூர்’ என்று வால் சேர்த்தால் பக்கமே முடக்கப்படலாம். யாரோ ஒரு போட்டியாளர் புகார் கொடுத்தால் போதும். அப்படி முடக்கிவிட்டால், முதலில் பெயரையும் முகவரியையும் திருத்திவிட்டுத்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும். சான்றுகளைச் சேர்க்கும் படிவத்தைத் திறந்தால் 60 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதால், காகிதங்களைப் படமெடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு திறங்கள்.

அக்கா மகனுக்கு நல்ல மனசு, யோசனைதான் ஆகாது. ஒரே கடைக்கு இரண்டு பக்கம் வைப்பது விதிமீறல், இரண்டும் போய்விடலாம். பழைய பக்கத்தில் உங்கள் 19 ஆண்டுப் பெயரும், ஏஜென்சி வருவதற்கு முன்பே உண்மையானவர்கள் எழுதிய மதிப்புரைகளும் இருக்கின்றன. அதையே புதிய தெருவுக்கு நகர்த்துங்கள். எண் திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் திருத்தம் முகவரிதான். இன்றைக்கும் யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் கிரைண்டர் கல்லைக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் இல்லாத கடையைத் தேடி நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். உங்கள் வியாபாரம் குறைந்ததற்கு முதல் இடம் கிடைக்காதது காரணமென்று நினைக்கிறீர்கள். எனக்கு இந்தப் பழைய முகவரியின் மேல்தான் சந்தேகம்.

28,000 ரூபாய்

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? வியாபாரத்துக்காகச் சேவை பெற்றவர் பொதுவாக ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். இதற்கு ஒரு விலக்கு உண்டு: சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியிருந்தால் அது வணிக நோக்கமாகாது. 1995இல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கும்போது, ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தோற்றார் என்பதும், எதிர்த்தரப்பு உங்கள் கோவை நிறுவனம் என்பதும் வேறு கதை. நமக்கு வேண்டியது அந்த விளக்கம். கணவன், மனைவி, ஓர் உதவியாள் என்ற உங்கள் கடை அதில் நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய சட்டத்தில் 2002 திருத்தத்துக்குப் பிறகு அந்த விலக்கு பொருள், சேவை இரண்டுக்கும் இருந்தது. 2019 சட்டத்தின் வாசகம் ‘வாங்கிப் பயன்படுத்திய பொருட்கள்’ என்று மட்டுமே பேசுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விழித்திருந்தால் இதைத்தான் பிடிப்பார். அதனால் ‘கட்டாயம் ஜெயிக்கும்’ என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர் முதல் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னவரின் அண்ணன்.

உங்கள் பக்கம் பலமாக இருப்பது எது? ‘முதல் இடம்’ என்று எழுத்தில் இருக்கும் வாக்குறுதி. முகவரியைக்கூட மாற்றாதது. அழித்துவிடுவேன் என்ற வாட்ஸ்அப் செய்தி. இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை: பில்லில் “கூகுள் இணையதளம் – 4,000” என்று ஒரு வரி இருக்கிறது. வணிகப் பக்கத்தோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த அந்த இணையதள வசதி 2024 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. உங்கள் பில்லின் தேதி அதற்குப் பிறகு. பலவீனம், நான் மேலே சொன்ன “60 ரிவ்யூ”. அதே பில்லைத்தான் நீங்கள் சாட்சியாக நீட்ட வேண்டியிருக்கும்; அந்த வரியும் சத்தமாக வாசிக்கப்படும்.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு. முழுத் தொகையையும் கேட்டு, பாதிக்கு இறங்கிவரும் மனதோடு. அடுத்து, கோவை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு; 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். வழக்குக்கு முன்பே இருவரையும் கூப்பிட்டுப் பேசவைக்கவும் அங்கே முடியும். அதுவும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைப் படமெடுத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் தனியாகச் சான்றிதழ் இணைக்க வேண்டும்; அதற்கு அந்த போன் வேண்டும்.

அந்த ஒற்றை நட்சத்திரம்

அவதூறு வழக்கு வேண்டவே வேண்டாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு குற்றம்தான். ஆனால் பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. மோட்டார் கருகியது உண்மையா என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். போனை யாரும் எடுக்கவில்லை என்பது நிச்சயமாக உண்மை. அவர் அழைத்தது உங்கள் எண்ணையே அல்லவே. உங்களுக்கு ஏஜென்சி செய்த கெடுதலுக்கு அவர் முதல் சாட்சி. அவர் மீதா வழக்குப் போடப் போகிறீர்கள்?

உண்மையான வாடிக்கையாளர் தன் அனுபவத்தை எழுதியதைக் கூகுளும் நீக்காது. பதில் எழுதுங்கள். “ஐயா, வரைபடத்தில் எங்கள் போன் எண் தவறாக இருந்தது, மன்னிக்கவும். மோட்டாரை எடுத்து வாருங்கள், காயிலில் குறை என்றால் கூலி இல்லாமல் திரும்பக் கட்டித் தருகிறோம்” என்ற அளவில் போதும். அவர் வீடு எங்கே, எவ்வளவு பேரம் பேசினார் என்பதெல்லாம் அதில் வரக் கூடாது. அடுத்து வருபவர்கள் புகாரைப் படித்த கையோடு உங்கள் பதிலையும் படிப்பார்கள்.

மாதம் 1,500 ரூபாயில்

பெரும்பாலான வேலைக்குப் பணமே தேவைப்படாது. பக்கத்தில் உங்கள் கடை எந்த வகையின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ‘எலக்ட்ரானிக்ஸ் கடை’ என்று இருக்கிறது. டிவி விற்கும் கடைகளோடு உங்களை நிறுத்திவிட்டார்கள். வீட்டு உபயோகப் பொருள் பழுதுபார்ப்பு என்பதை முதன்மை வகையாக மாற்றுங்கள். சேவைகள் பகுதியில் மக்கள் வாயில் வரும் சொற்களையே எழுதுங்கள்: கிரைண்டர் கல் கொத்துதல், பெல்ட் மாற்றுதல், மோட்டார் காயில் கட்டுதல், மிக்ஸி ஜார் பிளேடு, புஷ், கப்ளர். ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதுங்கள். வாஷிங்மெஷின் பார்ப்பதில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் போய் டில்டிங் கிரைண்டர் பார்ப்பீர்களா? போகும் பகுதிகளைச் சேர்க்க இடமிருக்கிறது, 20 வரை.

வேலை நேரத்தைச் சரியாகப் போடுங்கள். பொங்கலுக்கு மூன்று நாள் மூடினால் அதையும் போடுங்கள். வாரம் ஒரு படம், உங்கள் போனிலேயே எடுத்தது: கொத்துவதற்கு முன் வழவழத்துப்போன கல், கொத்திய பின் அதே கல். இணையத்திலிருந்து எடுத்த பளபளக்கும் படங்கள் வேண்டாம். வேறு தளங்களில் கடை இருந்தால் எல்லாவற்றிலும் பெயர், முகவரி, எண் மூன்றும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

மதிப்புரை கேட்பதில் தவறில்லை; எல்லாரிடமும் கேட்க வேண்டும், சிரித்த முகத்தோடு போகிறவரிடம் மட்டும் அல்ல. எழுதினால் கூலியில் 50 ரூபாய் குறைப்பேன் என்பது கூடாது. பக்கத்திலிருந்தே க்யூஆர் கோடு எடுத்து அச்சடித்து மேசையில் ஒட்டிவிடுங்கள். முதல் மாத 1,500 ரூபாயில் இதையும், இன்னொரு பழைய வழக்கத்தையும் செய்யலாம்: சரிசெய்த ஒவ்வொரு கிரைண்டரின் அடியிலும் கடைப் பெயரும் எண்ணும் தேதியும் உள்ள ஸ்டிக்கர். எங்கள் வீட்டுக் கிரைண்டரில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் 11 ஆண்டுகளாக ஒரே மனிதரை அழைக்கிறோம்; அவர் கூகுளில் எத்தனையாவது என்று நான் பார்த்ததே இல்லை.

இணையதளம் இப்போது வேண்டாம். கூகுள் விளம்பரமும் முகவரி, எண், பெயர் மூன்றும் சரியாகி மூன்று மாதம் கழித்து யோசிக்க வேண்டியது. தவறான எண்ணுக்கு விளம்பரம் கொடுத்தால் ஏஜென்சிக்கு நீங்களே ஆள் பிடித்துக் கொடுத்ததாகிவிடும்.

அந்த ஒற்றை நட்சத்திரக்காரரின் எண் உங்கள் பழைய ரசீதுப் புத்தகத்தில் இருக்கும். உரிமை கைக்கு வரும்வரை காத்திருக்காமல், நாளைக் காலை கடை திறந்ததும் உங்கள் கணவரை அவருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மோட்டார் இன்னும் அவர் வீட்டில்தான் கிடக்கும்.